ஐயாயிரம் ரூபாய் டேப்லெட்: கடையில் தெரிவதும் ஆறு மாதம் கழித்துத் தெரிவதும்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப் புத்தகம் இங்கே கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூலின் பிடிஎஃப் கோப்பையே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, வீட்டில் புதிதாக வாங்கித் தந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து வாசிக்கத் தொடங்கினாள். 'பல்' என்று இருந்த இடத்தில் 'பல' என்று படித்தாள். 'கண்' என்பது 'கண' ஆயிற்று. கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு முறை திருத்தினேன். அவள் பின்னால் போய் நின்று அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான், அங்கே புள்ளியே இல்லை என்பது தெரிந்தது. விரலால் பெரிதாக்கினால் புள்ளி வருகிறது. பக்கம் முழுவதும் தெரியும் அளவில் வைத்தால் மறைந்துவிடுகிறது.

இதற்குக் கணக்கு உண்டு. மலிவான ஏழு அங்குல டேப்லெட்டின் திரையில் வழக்கமாக 1024-க்கு 600 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்ணிய ஒளிக்கட்டங்கள், இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் அகலவாட்டில் 600 பிக்சல். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை இந்த 600 பிக்சலுக்குள் அடக்கினால், பக்கத்தின் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 72 பிக்சல்தான் கிடைக்கும். 12 பாயின்ட் அளவில் அச்சான எழுத்து, அதாவது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு உயரம் கொண்ட எழுத்து, 12 பிக்சலுக்குள் ஒடுங்கிவிடும். அதன் தலைமேல் வைக்கும் புள்ளிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு பிக்சல். அதுவும் கறுப்பாக விழாமல் சாம்பல் நிறத்தில் கரைந்து போய்விடும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மங்கினால் சொல் மாறுவதில்லை. தமிழில் புள்ளி போனால் மெய், உயிர்மெய்யாகிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது சிறிய குறை அல்ல.

அந்த டேப்லெட்டின் விலை 4,800 ரூபாய். நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரையிலான விலையில், பெட்டியின் மேல் நாம் கேள்விப்படாத பெயரோடு வரும் இத்தகைய டேப்லெட்டுகள் வாங்கத் தகுந்தவையா என்று வகுப்புக்கு வரும் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் உள்ள ஒரே கருவியாக இருக்கப் போகிறது என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மலிவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பொருளிலும் விலையைக் குறைக்க எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். இந்த டேப்லெட்டுகளில் விடப்பட்டவை எல்லாம் கடையில் பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாதவை என்பதே என் கவலை. பணம் கொடுத்துப் பல மாதங்கள் ஆன பிறகு, பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில்தான் அவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

முதலில் விலை எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டேப்லெட்டின் செலவில் திரைக்குப் பெரும் பங்கு உண்டு. திரையின் பரப்பு கூடக்கூட அதன் விலை ஏறும். அந்தத் திரையை ஒளிர வைக்கப் பெரிய பேட்டரி வேண்டும். அதைத் தாங்கப் பெரிய உடல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சும் பணத்தில்தான் கணக்கிடும் பிராசசர், வேலை நடக்கும்போது தற்காலிகமாக நினைவில் வைக்கும் ரேம், கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் மூன்றையும் வாங்கியாக வேண்டும். செல்பேசியில் இந்த நெருக்கடி குறைவு. திரை சிறியது, ஒரே மாதிரி பாகங்கள் கோடிக்கணக்கில் உற்பத்தியாவதால் விலையும் இறங்கிவிடுகிறது. எட்டாயிரம் ரூபாய்ச் செல்பேசி, எட்டாயிரம் ரூபாய் டேப்லெட்டை விட உள்ளே வலுவானதாக இருப்பது இதனால்தான். இதே காரணத்தால், ஒரே விலையில் ஏழு அங்குலமும் பத்து அங்குலமும் அருகருகே வைத்திருந்தால், பெரியதைக் கண்டு மகிழ்வதை விட, அதற்காக உள்ளே எது குறைக்கப்பட்டது என்று கேட்பதே முறை. திரையின் தெளிவும் அப்படித்தான். 1280-க்கு 800 பிக்சல்களைப் பத்து அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 151 பிக்சல். ஏழு அங்குலத்தில் 1024-க்கு 600 என்றால் 170. பக்கம் பெரிதாகத் தெரியும், ஆனால் எழுத்தின் விளிம்பு சொரசொரப்பாகிவிடும்.

மலிவுக் கருவி என்ற கனவுக்கு இந்த நகரத்தோடு பழைய தொடர்பு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து 1999-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து, சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும்படி இந்திய மொழிகளில் பேசும் வசதி, ஒரே கருவியை ஊரில் பலர் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு என்று அதன் பின்னால் நல்ல சிந்தனை இருந்தது. 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்துச் சந்தைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது; அன்றைய பத்தாயிரம் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. விற்பனை பெரிதாக நடக்கவில்லை. ஆனாலும் ஒரு கருவியை ஒருவர் வாங்க முடியாவிட்டால் பத்துப் பேர் பகிரலாம் என்ற அந்த எண்ணத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

அடுத்த முயற்சி வேறு திசையில் போயிற்று. 2011 ஜனவரியில் ஐபேட் 27,900 ரூபாய்த் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெல்லியில், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அதை அரசு ஏறத்தாழ 50 டாலருக்கு வாங்கி, மாணவர்களுக்கு 35 டாலர் அளவில் மானிய விலையில் தருவதாகத் திட்டம். உலகமே திரும்பிப் பார்த்தது. கருவியின் உள்ளே இருந்தவை 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 2 ஜிபி ஸ்டோரேஜ். திரை, விரலால் வருடினால் கேட்காமல் அழுத்தித் தொட வேண்டிய ரெசிஸ்டிவ் வகை. அதில் இருந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் தமிழ் எழுத்துரு கிடையாது. இணையத்தில் தமிழ் வரிகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. வேகமும் பேட்டரியும் போதவில்லை என்ற புகார்கள் எழுந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2-ல் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ரேம், சாதாரணமாக வருடினால் போதும் என்ற திரை எல்லாம் வந்தன. முதல் ஆகாஷில் எது குறை என்பதற்கு இரண்டாம் ஆகாஷின் பட்டியலே சாட்சி. முதலில் விலையை அறிவித்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும் பாகங்களைப் பிறகு தேடினார்கள். பிள்ளை என்ன படிக்கப் போகிறது, அதற்குக் குறைந்தது என்ன வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கவில்லை. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு அதுதான். இன்று பெயர் தெரியாத டேப்லெட் தயாரிப்பவரும் அதே வழியில்தான் போகிறார்.

இப்போது விற்கும் மலிவு டேப்லெட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது பிராசசரை அல்ல, ஸ்டோரேஜை. 'டேப் ஹேங் ஆகிறது' என்று எல்லோரும் சொல்லும் புகாருக்கு ரேம் குறைவு ஒரு காரணம் என்றால், மட்டமான ஸ்டோரேஜ் சிப் அதற்குச் சமமான இன்னொரு காரணம். இந்த விலையில் கிடைப்பது இஎம்எம்சி என்ற பழைய வகை. விலை கூடிய கருவிகளில் உள்ள யுஎஃப்எஸ் வகை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் வல்லது; இஎம்எம்சி ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்றுக்குப் போகும். நல்ல தரமான இஎம்எம்சியும் உண்டு, அதை வைத்துப் பல ஆண்டுகள் ஓடும் டேப்லெட்டுகளும் உண்டு. ஆனால் அடிமட்ட விலையில் வருவது அதிலும் அடிமட்டத் தரம்.

இந்த சிப்பில் ஒரு தன்மை உண்டு. சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். அழிப்பதென்றால் பல பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். புது டேப்லெட்டில் தொகுதிகள் காலியாகக் கிடப்பதால் எழுதுவது விரைவாக நடக்கும். செயலிகள், வாட்ஸாப் படங்கள், பாட வீடியோக்கள் என்று நிரம்பிய பிறகு, புதிதாக ஒன்றை எழுத வேண்டுமானால், இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றி, தொகுதியை அழித்து, பிறகுதான் எழுத முடியும். பின்னணியில் ஏதோ ஒரு செயலி அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகை வர நான்கு நொடி ஆவது இதனால்தான். கடையில் காட்டும்போது ஸ்டோரேஜ் காலியாக இருப்பதால் இந்தக் குறை அங்கே தலைகாட்டவே காட்டாது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2012-ல் கூகுள் 199 டாலர் விலையில் கொண்டுவந்த நெக்ஸஸ் 7 டேப்லெட், அந்த விலைக்கு மிகச் சிறந்தது என்று பாராட்டு வாங்கியது. சில மாதங்கள் போனதும், ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்பத் தாங்க முடியாத அளவுக்கு மந்தமாகிறது என்ற புகார் வந்தது. அழிந்த கோப்புகளின் இடத்தை சிப்புக்கு ஒழுங்காகத் தெரிவிக்கும் டிரிம் என்ற வசதியை 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் சேர்த்த பிறகு ஓரளவு சரியாயிற்று. கூகுளுக்கு அப்டேட் அனுப்ப ஆள் இருந்தது. பெட்டியின் மேல் மட்டும் பெயர் உள்ள நிறுவனத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் '4+4 ஜிபி ரேம்' போன்ற வாசகம். இதில் இரண்டாவது நான்கு உண்மையான ரேம் அல்ல. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்துவது. ஏற்கெனவே மெதுவான சிப்பின் மேல் இந்தச் சுமையையும் ஏற்றினால், அது இன்னும் மந்தமாவதோடு தேய்மானமும் கூடும். 'எட்டு கோர்' என்ற சொல்லும் அப்படித்தான். கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஓர் அலகு. சிப் வடிவமைக்கும் ஏஆர்எம் நிறுவனம் 2012-ல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ53 என்ற சிக்கனமான கோரை எட்டு வைத்தாலும் அது எட்டு கோர்தான். வலுவான ஏ76 கோர் இரண்டோடு சிறியவை ஆறு சேர்ந்தாலும் எட்டு கோர்தான். முன்னதை ஏறக்குறைய எட்டு சைக்கிள் என்றும், பின்னதை இரண்டு மோட்டார் சைக்கிளும் ஆறு சைக்கிளும் என்றும் சொல்லலாம். எண்ணிக்கை ஒன்று, இழுக்கும் பாரம் வேறு. 2025-ன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சிப்புகளின் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. அடிமட்ட விலையை அப்படியே வைத்திருக்க நினைப்பவர் கை வைக்கும் முதல் இடம் ரேமும் ஸ்டோரேஜுமாகத்தான் இருக்கும் என்பதால், இனி இந்த வாசகங்களை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும்.

அந்தச் சிறுமியின் டேப்லெட் ஏழு மாதத்தில் படுத்துவிட்டது. அவளுடைய அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்பவர். ஒரு சனிக்கிழமை மாலை அவரோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். மின்னணுச் சாமான்களுக்கு இந்த நகரத்தில் அதைவிட நெரிசலான தெரு கிடையாது. ஒரு சிறிய கடையில் தமிழ் பேசும் இளைஞர் ஒரு புது டேப்லெட்டை எடுத்து வைத்தார்.

"அக்கா, இது எட்டு கோரு, எட்டு ஜிபி ரேமு, எரநூத்தம்பத்தாறு ஜிபி ஸ்டோரேஜ். ஐயாயிரத்து இருநூறுக்கு வேற எங்கயும் கெடைக்காது."

"ரெண்டு வருஷம் ஓடுமா தம்பி? இவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் வேணும்."

"ஆறு மாசம் கேரண்டி இருக்குக்கா."

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத் தன்னால் சொல்ல முடிந்த உண்மையைத்தான் சொன்னார். அவருடைய அனுமதியோடு அதை நான் சோதித்தேன். வன்பொருள் விவரம் காட்டும் ஒரு செயலியை இறக்கிப் பார்த்ததில் உண்மையான ரேம் 3 ஜிபி என்று தெரிந்தது. மீதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. 2 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவை உள்ளேயே ஒரு போல்டரிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தேன். மூன்றரை நிமிடம் ஆயிற்று. அதாவது நொடிக்குப் பத்து எம்பிக்கும் குறைவு. நகலெடுக்கும்போதே பாடநூல் கோப்பைத் திறந்தால் திரை வெள்ளையாகவே நின்றது. சிறுமியின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுதான் பழைய டேப்லயும் ஆச்சு" என்றார்.

பிறகு பிளே ஸ்டோர் செயலியின் அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியைத் திறந்தேன். அங்கே பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்ற வரியில், இந்தக் கருவி சான்றளிக்கப்படவில்லை என்று இருந்தது. வேகக் குறைவை விட எனக்கு அதிக அச்சம் தந்தது இந்த வரிதான். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுளின் சோதனைகளில் தேறிய கருவிக்கே சான்றிதழ் கிடைக்கும். தேறாமலேயே பிளே ஸ்டோரை உள்ளே திணித்து விற்கும் கருவிகளில், ஆலையிலிருந்து கடை வரை உள்ள வழியில் யார் என்ன சேர்த்தார்கள் என்பதற்குப் பொறுப்பேற்பவர் இல்லை. 2023-ல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பேட்பாக்ஸ் என்று பெயரிட்ட ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்தது. சீனாவில் தயாரான மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் சில டேப்லெட்டுகளிலும், வாங்குபவர் கைக்கு வரும் முன்பே உளவு நிரல் பதிந்திருந்தது. அது கருவியின் அடிப்படை மென்பொருளிலேயே இருந்ததால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. பயனருக்குத் தெரியாமல் விளம்பரங்களைத் திறந்து பணம் பார்ப்பது, அந்த வீட்டின் இணைய இணைப்பை வேறு குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடுவது என்று அதன் வேலைகள் இருந்தன. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு, தன் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இதன் அடுத்த வடிவமான பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள், நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றற்ற கருவிகள் இதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. பெரும்பகுதி டிவி பெட்டிகள் என்பது உண்மை. ஆனாலும் பட்டியலில் டேப்லெட்டுகளும் இருந்தன. பிள்ளை படிக்கும் அதே டேப்லெட்டில் அம்மாவின் யுபிஐயும் வங்கிக் கணக்கும் இருக்கும் வீடுகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

சான்றிதழ் உள்ள கருவியிலும் அப்டேட் நின்றுபோனால் ஆயுள் முடிந்த மாதிரிதான். 2025 ஜனவரி முதல் வாட்ஸாப், ஆண்ட்ராய்டு 4.4 கருவிகளைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் ஆண்ட்ராய்டு 8, 9 கருவிகளுக்கு வருவதில்லை. பழைய பதிப்பைப் போட்டு இன்றும் புதிதாக விற்கும் மலிவு டேப்லெட் கடையிலேயே பாதி வயதைக் கடந்ததாகிவிடுகிறது. எதிர்ப் பக்கத்தில், 2020-ல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேடுக்கு ஐந்து ஆண்டு கழித்து 2025-ல் வெளியான ஐபேட்ஓஎஸ் 26 என்ற இயக்க மென்பொருளும் கிடைத்தது. எல்லோரும் ஐபேட் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று எழுத்தில் கொடுக்கும் நிறுவனத்தின் பழைய கருவி, எதுவும் சொல்லாத நிறுவனத்தின் புதிய கருவியை விட நெடுநாள் உழைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரி எதுவானாலும் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் கொள்ளளவு குறையும். மட்டமான செல்லில் இது முன்கூட்டியே நடக்கும், சில சமயம் உப்பித் திரையையே மேலே தள்ளிவிடும். டேப்லெட்டுக்கும் அதன் பேட்டரிக்கும் இந்தியாவில் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். கருவியின் பின்புறத்திலோ பெட்டியிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் யாருக்குக் கொடுத்த எண் என்று தெரியும். எண்ணே இல்லாவிட்டால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4,800 ரூபாய் டேப்லெட் ஏழு மாதத்தில் கைவிட்டதென்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 686 ரூபாய். தாராளமாக 14 மாதம் ஓடியது என்று வைத்தாலும் 343 ரூபாய். 12,000 ரூபாய்க்கு வாங்கிய, பெயருள்ள நிறுவனத்தின் டேப்லெட் நான்கு ஆண்டு ஓடினால் மாதம் 250 ரூபாய். காகிதத்தில் இது எளிய கணக்கு. ஆனால் கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்பவரிடம் போய் மாதக் கணக்கைச் சொல்வது நியாயம் இல்லை என்பதையும் நான் உணர்கிறேன். ஏழை வீடு கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த காலப் பொருளை வாங்க நேர்வது, அறியாமையால் அல்ல. மொத்தப் பணம் ஒரே நாளில் கைக்கு வராததால். ஆகவே வெறுமனே வாங்காதீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

அன்று எஸ்.பி. ரோட்டில் இன்னும் நான்கு கடை ஏறி இறங்கினோம். கடைசியில் பெயருள்ள நிறுவனம் ஒன்றின் 8.7 அங்குல டேப்லெட், இரண்டாண்டு பழையது, பில்லோடு 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று, ரீசெட் செய்து மீண்டும் தொடங்கிப் பார்த்தோம். நீக்காவிட்டால் அது பூட்டிக்கொண்டு வெறும் பலகை ஆகிவிடும். பேட்டரி எப்படி இறங்குகிறது என்று அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டோம். ஓரங்களில் திரை எழும்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். சார்ஜ் செருகும் துளையில் ஆட்டம் இல்லை. கடைசியாகப் பாடநூலைத் திறந்தேன். 800 பிக்சல் அகலத்தில் பக்கத்தின் ஓர் அங்குலத்துக்கு 97 பிக்சல். 'பல்' என்ற சொல்லின் மேல் புள்ளி தெரிந்தது. மெல்லியதாகத்தான், ஆனாலும் தெரிந்தது.

அடிமட்ட விலை டேப்லெட்டுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வேலையை மட்டும் செய்யும் கருவியாக வைத்தால் அது உழைக்கும். எங்கள் தெருமுனையில் உள்ள தர்ஷினி எனும் சிற்றுணவகத்தில் கல்லாவுக்கு மேலே அன்றைய பலகாரப் பட்டியலைக் காட்டிக்கொண்டு ஒரு டேப்லெட் இரண்டு ஆண்டாக ஓடுகிறது. அதில் இணையமும் இல்லை, வேறு செயலியும் இல்லை. கண் மங்கிய பாட்டிக்குப் பழைய பாடல்களை மெமரி கார்டில் போட்டுக் கொடுக்கலாம். இறக்கி வைத்த வீடியோவைச் சிறு குழந்தைக்குக் காட்டலாம். கூர்மையாகப் படிக்க வேண்டிய எழுத்து அங்கே இல்லை. தேர்வு, நேரலை வகுப்பு, பணப் பரிமாற்றம் என்று தவறினால் இழப்பு வரும் வேலை எதையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பலர் இருப்பீர்கள்; உங்கள் பணம் வீண் என்று சொல்லி மனதை நோகடிப்பது என் நோக்கம் அல்ல. ஸ்டோரேஜில் மூன்றில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக வையுங்கள். வீடியோக்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள். அமைப்புகளில் கூடுதல் ரேம் அல்லது விரிவாக்கிய ரேம் என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, செயலிகள் தாமாக அப்டேட் ஆவதை நிறுத்திவைத்து, இரவில் நீங்களே அப்டேட் செய்யுங்கள். பாடநூலைப் படிக்கும்போது டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பிடித்தால், பக்கம் பாதிதான் தெரியும் என்றாலும் 600 பிக்சலுக்குப் பதில் 1024 பிக்சல் அகலம் கிடைக்கும், புள்ளி திரும்பி வரும். இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்க வேண்டாம். கேரண்டி காலத்துக்குள் கெட்டுப்போய்க் கடைக்காரர் கையை விரித்தால், பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம். பிளே ஸ்டோரில் சான்றளிக்கப்படவில்லை என்று காட்டினால், இன்றைக்கே அதிலிருந்து வங்கிச் செயலியையும் யுபிஐயையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.